வெற்றிக் கதைகளில் கணக்கு எங்கே?

பெண் தொழில்முனைவோரையும் நிறுவனத் தலைவிகளையும் அழைத்து, அவர்கள் கடந்துவந்த வழியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவைக்கும் பாட்காஸ்ட்டுகள் தமிழில் பெருகிவிட்டன. மகளிர் தினமான மார்ச் 8 நெருங்கினால் அவை இன்னும் கூடும். இவற்றைக் கேட்டு ஊக்கம் பெற்று, கையிலிருக்கும் நகையை அடகு வைத்துத் தொழிலில் இறங்கத் துணியும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படி இறங்குகிறவருக்கு வேண்டிய விவரம் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறதா? பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இல்லை என்பதே என் கருத்து.

இது ஏதோ பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் தரம் பற்றிய கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2013-14-ல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 லட்சம். அவற்றில் 13.5 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தன. எந்த மாநிலத்தைக் காட்டிலும் இது அதிகம். பெண்கள் தொழில் நடத்துவது நமக்குப் புதிய செய்தி இல்லை. இட்லிக் கடை, தையல், மாவு, பூ, பொடி, சேலை வியாபாரம் என்று எல்லாத் தெருக்களிலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. நாடு முழுவதும் பெண்கள் நடத்தும் தொழில்களில் சுமார் 79 சதவீதம் சொந்தப் பணத்தில் நடந்தன. வங்கி போன்ற நிதி நிறுவனங்களில் கடன் வாங்கி நடந்தவை ஏறத்தாழ 1 சதவீதம்தான். சொந்தப் பணம் என்றால் பெரும்பாலும் நகை, சீட்டுப் பணம், உறவினரிடம் வாங்கிய கைமாற்று. தொழில் நொடித்தால் போவது அந்தக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் பெண்கள் அவமானப்பட்ட செய்திகள் நமக்குப் பழகிப்போயின. வசூலில் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இந்தச் சூழலில் ‘துணிந்து இறங்குங்கள்’ என்று ஒலிவாங்கி முன்னால் சொல்கிறவருக்குப் பொறுப்பு இருக்கிறது.

பெட்டியடியில் இடம் கிடைக்காதவர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சிகள் வேண்டும். இப்போது இருப்பதைவிட அதிகமாக வேண்டும்.

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், பையன்களைச் சிறு வயதிலேயே கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வான். பெட்டியடியில் உட்கார்ந்தவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்தத் தவணை வரவில்லை, வராதவரிடம் மேலாள் எப்படிப் பேசினார் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. விருதுநகர் மண்டியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இன்றைக்கும் மகன்கள் தொழில் பழகுவது ஏறக்குறைய இப்படித்தான்.

மகள்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தொழில் செய்யாத குடும்பத்துப் பெண்ணுக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது. சரக்குக்கு விலை வைப்பது எப்படி, கடனுக்குக் கேட்பவரிடம் எப்படி மறுப்பது, வங்கி மேலாளர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்பதை அவர் யாரிடம் கேட்பார்?

இந்த இடைவெளியை பாட்காஸ்ட் நிரப்ப முடியும். ‘சாதனைப் பெண்கள்’ பக்கங்களைப் பத்திரிகைகள் பல காலமாக வெளியிட்டு வந்திருக்கின்றன; வானொலியின் மகளிர் நிகழ்ச்சிகளும் இதைச் செய்தன. ஆனால் அச்சில் இரண்டு பக்கம், வானொலியில் பதினைந்து நிமிடம் என்ற அளவுக்குள் கதையின் ஓட்டம் மட்டுமே அடங்கும். இங்கே ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பேசுகிறவர் தயங்குவது கேட்கிறது. குரல் தழுதழுப்பது கேட்கிறது. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே, வெங்காயம் உரித்தபடியே, பேருந்தில் நின்றபடியே கேட்கலாம். கைக்கு ஓய்வில்லாத பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை.

உலக அளவில் இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது, அமெரிக்கப் பொது வானொலிக்காக கய் ராஸ் 2016-ல் தொடங்கிய ‘ஹவ் ஐ பில்ட் திஸ்’. அதன் முதல் விருந்தினர் ஒரு பெண்: ‘ஸ்பான்க்ஸ்’ உள்ளாடை நிறுவனத்தைத் தொடங்கிய சாரா பிளேக்லி. வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஃபேக்ஸ் இயந்திரம் விற்றுச் சேர்த்த 5,000 டாலர்தான் அவருடைய முதல். அந்த நிகழ்ச்சியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முடிவில், உங்கள் வெற்றியில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று விருந்தினரிடம் ராஸ் கேட்பார். கோடீஸ்வரர்களும் அந்தக் கேள்விக்கு முன்னால் சற்று நிதானிப்பார்கள். தான் தனியாக மேலே வந்துவிடவில்லை என்பது அவர்களுக்கே அப்போதுதான் நினைவுக்கு வருவதுபோல் இருக்கும்.

நம்முடைய நிகழ்ச்சிகளில் அந்தக் கேள்வி அபூர்வம். ‘எந்தக் கஷ்டம் வந்தாலும் மனம் தளராமல் உழைத்தேன்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

50 காசுக்கும் உணவகத்துக்கும் நடுவே

சென்னையில் பலருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பேட்ரிஷியா நாராயண் 1982-ல் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டிக் கடை தொடங்கினார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. வரவு 50 காசு. பின்னாளில் பல உணவகங்களை நடத்தி, 2010-ல் ‘ஃபிக்கி’ தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதைப் பெற்றார். எங்கே சொல்லப்பட்டாலும் இந்தக் கதை 50 காசில் தொடங்கி விருதில் முடிகிறது.

அவரே பேட்டிகளில் சொன்ன நடுப்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. மெரினாவுக்கு முன்பே வீட்டில் ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்து விற்றார். அம்மா கொடுத்த பணம்தான் முதல். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அம்மா, அவற்றைத் தன் அலுவலகத்துக்கே எடுத்துப்போய் விற்றுக்கொடுத்தார். தள்ளுவண்டி ஒரு குடும்ப நண்பர் வழியாக வந்தது. கடற்கரையில் கடை போட அனுமதி வாங்க ஏறக்குறைய ஓராண்டு அலைந்தார். பிறகு குடிசை மாற்று வாரிய அலுவலகத்தின் கேன்டீனை நடத்தும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து வேறு அலுவலகங்கள்.

கேட்கும் பெண்ணுக்கு உதவுவது இந்த நடுப்பகுதிதான். முதல் வாடிக்கையாளர்களை அறிமுகமான ஓர் இடத்தில் தேடலாம். அனுமதிக்கு ஓராண்டு ஆகலாம் என்றால் அதுவரை வேறு வருமானம் வேண்டும். தெருவில் ஒவ்வொருவராக வாங்குவதைக் காட்டிலும், நாள்தோறும் நூறு பேர் சாப்பிடும் ஓர் அலுவலகத்தின் ஒப்பந்தம் தொழிலை நிலைக்கவைக்கும். இவை அந்தப் பெண்மணியின் உழைப்பைச் சிறிதும் குறைப்பவை இல்லை. அந்த உழைப்பு எந்த இடத்தில் பலன் கொடுத்தது என்று காட்டுபவை.

கிரண் மஜூம்தார் ஷா கதையும் இப்படியே. 1978-ல் பெங்களூரில் வாடகை வீட்டின் கார் ஷெட்டில் 10,000 ரூபாயில் ‘பயோகான்’ உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். 25 வயதுப் பெண்ணுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் மதுவடிப்புத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, பெண் என்பதற்காக இங்கே அந்த வேலை மறுக்கப்பட்டதும் ஓரளவு தெரியும். ஆனால் அயர்லாந்து நிறுவனம் ஒன்று தொடக்கத்திலிருந்தே கூட்டாளியாக இருந்தது என்பதும், அதனால் தயாரிப்பதை வாங்க வெளிநாட்டில் ஆள் இருந்தது என்பதும் கார் ஷெட்டைப் போல நம் மனத்தில் பதியவில்லை. வாங்க ஆள் உறுதியாக இருக்கும்போது தொடங்குவதும், தயாரித்துவிட்டு ஆள் தேடுவதும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள். இந்த வித்தியாசம் தெரியாமல் சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் ஏராளம்.

ஐந்து லட்சமும் நானூறும்

இந்த நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பணத்தைப் பற்றிப் பேசும் விதம். ‘வீட்டிலிருந்தே ஆண்டுக்கு ஐந்து லட்சம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். அது விற்பனைத் தொகையா, கையில் நின்ற லாபமா என்பதை நிகழ்ச்சி முடியும் வரை யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. ஒரு பெண் மாதம் 100 கிலோ சாம்பார் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 330 ரூபாய். அரவைக் கூலி 20. கவர், லேபிள் 30. ஆகமொத்தம் 380. கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை 420. கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கிறது, மாதம் 4,000.

விற்காமல் திரும்பி வருவது ஐந்து கிலோ என்று வைத்தால் 2,100 ரூபாய் போயிற்று. கடைகளுக்குக் கொண்டுபோக ஆட்டோ, பார்சல் செலவு 1,500. மீதி 400 ரூபாய். தன் உழைப்புக்கு அவர் இன்னும் கூலி போடவில்லை.

இதற்கு மேல், கடைக்காரர்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அதுவரை சரக்கு வாங்க 76,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். அந்தப் பணத்தை நகை அடகில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு எடுத்திருந்தால் மாத வட்டியே 760 ரூபாய். மாதாமாதம் 360 ரூபாய் நஷ்டம். விற்பனையோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம். தலைப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி நகையைக் கொண்டுபோய் வைக்கும் இன்னொரு பெண்ணுக்கு அது பெரிய தீங்கு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வழியும் தெரியும். பாதிச் சரக்கைக் கடைக்குப் போடாமல் வீட்டிலிருந்தே கிலோ 480-க்கு ரொக்கத்துக்கு விற்றால், 50 கிலோவில் மாதம் 3,000 ரூபாய் கூடுகிறது. கடைக்காரரிடம் முடங்கும் பணமும் பாதியாகக் குறைகிறது. வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெண்மணி இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவரிடம் கேட்பவர்தான் வேண்டும்.

289 நிமிடங்கள்

‘குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ பெண் விருந்தினரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. ஆண்களிடம் கேட்காததை இவர்களிடம் மட்டும் கேட்பது அவமரியாதை. ஆகவே இதை விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேள்வியை விடக் கூடாது என்றே நினைக்கிறேன். அதைச் சரியாகக் கேட்க வேண்டும். ஆண் விருந்தினரிடமும் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள்தோறும் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். நேரம்தான் ஒரு தொழிலுக்குத் தேவையான மிகப் பெரிய முதல். அதை அந்தப் பெண் யாரிடமிருந்து பெற்றார்? மாமியாரா, அம்மாவா, சம்பளத்துக்கு வைத்த ஆளா, கணவர் தன் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டாரா? அந்த ஆளுக்கு மாதம் எவ்வளவு? ‘குடும்பம் பக்கபலமாக இருந்தது’ என்ற ஒரு வரியில் இவ்வளவும் புதைந்துபோகிறது. மாமியார் உடன் இல்லாத பெண், தன்னால் முடியாததற்குத் தன் திறமைக் குறைவே காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்.

சென்னையில் பிறந்து, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த இந்திரா நூயி இந்த விஷயத்தில் வெளிப்படையானவர். பெரிய பதவி கிடைத்த செய்தியோடு வீட்டுக்கு வந்த இரவில், முதலில் போய்ப் பால் வாங்கி வா என்று அம்மா அனுப்பியதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பவம் ஊரெல்லாம் சுற்றியது. 2021-ல் வந்த ‘மை லைஃப் இன் ஃபுல்’ நூலில் அவர் அதற்கும் மேலே போகிறார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் உறவினர்களும் இந்தியாவிலிருந்து மாறி மாறி வந்து தங்கியதைச் சொல்கிறார். எல்லாருக்கும் அப்படிப்பட்ட உறவுகள் வாய்க்காது என்பதால் ஊதியத்துடன் விடுப்பு, நெகிழ்வான வேலை நேரம், தரமான குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அரசும் நிறுவனங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வாதிடுகிறார். ஒருவரின் சொந்தக் கதை இப்படிப் பொதுக் கோரிக்கையாக விரியும்போது அதைக் கேட்பவர்களும் கோரிக்கை வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அனுபவமும் விளம்பரமும்

விருந்தினரிடமே பணம் வாங்கிக்கொண்டு பேட்டி எடுக்கும் வழக்கம் பாட்காஸ்ட் உலகில் வந்துவிட்டது. பேட்டியின் முடிவில் விருந்தினர் நடத்தும் இணையவழிப் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டச் சொல்வதும், ‘எங்கள் குழுவில் சேருங்கள்’ என்று சங்கிலித்தொடர் வியாபாரத்துக்குள் இழுப்பதும் நடக்கின்றன. ஒருவர் தன் பொருளை விளம்பரம் செய்வதில் தவறில்லை. அதை வாழ்க்கை அனுபவம் என்று நம்பவைப்பதுதான் தவறு.

இதற்கு நெறிமுறை இருக்கிறது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் பேசுகிறவர்கள் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் 2021-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதையே வலியுறுத்தியது. பாட்காஸ்ட்டுகள் இதற்குள் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

அழைக்கப்படாத தலைவிகள்

மதுரைக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளையை நமக்குத் தெரியும். 2001-ல் விருது வழங்கும் மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கிய படம் நினைவிருக்கும். 2019-ல் பத்மஸ்ரீ. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பலரும் ‘சுய உதவிக் குழு’ என்று நிறுத்திக்கொள்வார்கள். அவர் கொத்துத் தலைவி. வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், நிலக்காரரிடம் கூலி பேசி, வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்தவர். பிறகு களஞ்சியம் சுய உதவிக் குழு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் சேமிப்பையும் கடனையும் வழிநடத்தியவர். ஆள் நிர்வாகம், பேரம், நிதி, நம்பிக்கை என்று மேலாண்மைக் கல்லூரியில் கற்பிப்பதெல்லாம் அந்த வாழ்க்கையில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் மஸ்வட் என்ற சிற்றூரில் சேத்னா சின்ஹா முன்னின்று, கிராமத்துப் பெண்களுக்கான மாண் தேஷி கூட்டுறவு வங்கியை 1997-ல் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லி ரிசர்வ் வங்கி முதலில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. பெண்கள் படிக்கக் கற்றுக்கொண்டு மீண்டும் போனார்கள். எந்தத் தொகைக்கும் வட்டியை மனக்கணக்காகச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளும் கால்குலேட்டர் இல்லாமல் சொல்லட்டும் என்று அவர்கள் சவால் விட்டதை சேத்னா பின்னர் மேடைகளில் விவரித்திருக்கிறார். உரிமம் கிடைத்தது. அதே அமைப்பு 2008-ல் சமுதாய வானொலியையும் தொடங்கியது. அந்தப் பெண்களின் அனுபவம் அவர்கள் ஊர் மொழியிலேயே ஒலித்தது.

நம்முடைய நிகழ்ச்சிகளின் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் சென்னை, கோவை. பெரும்பாலும் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். சிவகாசியில் தீப்பெட்டி ஒப்பந்தம் எடுப்பவர், ராமநாதபுரத்தில் மீன் ஏலம் எடுப்பவர், சின்னாளபட்டியில் தறி வைத்திருப்பவர் வருவதில்லை. தொழிலை மூடிவிட்டவர் வருவதே இல்லை. ஏன் மூடினோம் என்று மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு பெண், பத்து வெற்றியாளர்களைவிடக் கேட்பவருக்கு அதிகம் கற்றுத்தருவார்.

என்ன செய்யலாம்?

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இன்றைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு விருந்தினரிடமும் சில கேள்விகளைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். முதல் பணம் எங்கிருந்து வந்தது, என்ன வட்டி? உங்களுக்கென்று மாதச் சம்பளம் எடுக்க எத்தனை மாதம் ஆயிற்று? முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார்? குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அதிகமாக இழந்தது எதில், எவ்வளவு? சரியான தொகையைச் சொல்ல விருப்பமில்லாதவர் உத்தேசமாகச் சொல்லட்டும். விற்பனைத் தொகையைத் தலைப்பில் போட்டால் லாபத்தையும் அதனுடன் போடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு எடுத்த பேட்டி என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விருந்தினரை மறுபடி அழையுங்கள்.

விருந்தினருக்குப் பக்கத்தில், மாதத்துக்கு ஒருமுறையாவது, ஒரு வங்கி மேலாளரையோ ஆடிட்டரையோ மாவட்டத் தொழில் மைய அலுவலரையோ உட்காரவையுங்கள். சிறு, குறு தொழில்களுக்கு குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆனாலும் பெண்களிடம் ‘வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, கணவர் கையெழுத்துப் போடுவாரா’ என்ற கேள்வி நிற்கவில்லை. சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே இயற்றிவிட்டாலும், பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கும் வீடுகள் குறைவு என்பதை நாம் அறிவோம். ஆகவே இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது பெண்களுக்குக் கூடுதலாக முக்கியம். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள் என்று ஒரு மேலாளரே சொல்லிக்கொடுத்தால் அதன் வலிமை தனி.

அரசு செய்ய வேண்டியது கேட்பவர்களின் வட்டத்தை விரிப்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 சதவீதம். இந்த எண்கள் இப்போது கூடியிருக்கும்; இடைவெளி மறைந்திருக்காது. சாதாரண போனில் ஓர் எண்ணுக்கு அழைத்துக் கேட்கும் வசதி கடினமானது இல்லை. சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ பழங்குடி மக்களின் செய்திகளை அப்படித்தான் கொண்டுசேர்த்தது.

1983 முதல் இயங்கும் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து, மாவட்டத்துக்கு ஒரு தொடர் தயாரிக்கலாம். பேட்டி எடுப்பவரும் அந்த மாவட்டத்துக் குழுப் பெண்ணாகவே இருக்கட்டும். நாட்டின் முதல் கல்லூரி வளாகச் சமுதாய வானொலி 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. சமுதாய வானொலிகள் நடத்தும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் பல உள்ளன. மாணவிகளைப் பதிவுக்கு அனுப்பினால் செலவும் குறையும். அவர்களுக்கும் தொழில் கணக்கு காதில் விழும்.

கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டியைக் கேட்டுத் தொழில் யோசனை பிறந்தால், பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்வாருங்கள். சிறிய அளவில் உணவுப் பொருள் தயாரிப்பவர் மிகக் குறைந்த கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம். குறு, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணமே இல்லை. இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ‘உத்யம்’ பதிவு இருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். புகாரை இணையவழியில் பதியலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு வட்டார மன்றங்கள் இவற்றை விசாரிக்கின்றன. சாம்பார் பொடி போட்டுவிட்டுக் கடைக்காரர் எப்போது தருவார் என்று காத்திருக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடைக்காரருடன் உறவு கெடாமல் இந்தச் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது, நோட்டீஸ் அனுப்பும் முன் என்ன பேசலாம், எந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதை, புகார் கொடுத்து நிலுவையை வசூலித்த ஒரு பெண்ணையே அழைத்து முழு ஒரு மணி நேரம் கேளுங்கள். அந்த மன்றத்தின் அலுவலர் ஒருவரும் உடன் இருக்கட்டும்.